0.076 நர்ஸ்: பள்ளிக்கூடப் பணம் ஒலிம்பியாவில் எப்படி முடிவாகிறது

கேள்வி இது: "சியாட்டில் பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் மூன்றாம் வகுப்பு. அடுத்த ஆண்டு இசை ஆசிரியர் இருக்கமாட்டார், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையும் கூடும் என்று ஏப்ரலில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பிரின்சிபலைக் கேட்டால் 'மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் பேசுங்கள்' என்கிறார். இவ்வளவு சொத்து வரி வாங்குகிறார்களே, எல்லாம் எங்கே போகிறது? என்னைப் போல ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர் பேசினால் யாராவது காதில் வாங்குவார்களா?"

வாங்குவார்கள். ஆனால் என்ன பேசுகிறீர்கள், எந்த மாதத்தில் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏப்ரலில் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய் உட்கார்ந்த கதைதான். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதம். ஓர் ஆசிரியருக்கு அடுத்த வருடம் வேலை இல்லையென்றால் மே 15-க்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். சட்டமன்றம் பட்ஜெட்டை முடிக்காமல் இழுத்தால் ஜூன் 15 வரை தள்ளிப்போகும். சட்டமன்றமோ ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 105 நாள், அதாவது ஏப்ரல் கடைசி வரை நடக்கிறது. ஆக, கைக்கு எவ்வளவு வரும் என்று தெரியாமலே யாரை நிறுத்துவது என்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) முடிவெடுத்தாக வேண்டும். அதனால் உள்ளதில் மோசமான கணக்கைப் போட்டுக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். கோடையில் சிலரைத் திரும்பக் கூப்பிடுவதும் உண்டு. கடிதத்தைப் பார்த்து அரண்டுபோக வேண்டாம், குப்பையிலும் போட்டுவிட வேண்டாம்.

இனி பணம். இந்த மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவது ஒரு கற்பனைப் பள்ளியை வைத்து. ஆரம்பப் பள்ளி என்றால் 400 பிள்ளைகள், நடுநிலை 432, உயர்நிலை 600. அந்தக் கற்பனைப் பள்ளிக்கு எத்தனை பிரின்சிபல், எத்தனை நூலகர், எத்தனை ஆசிரியர் என்று சட்டப் புத்தகத்திலேயே தசமப் புள்ளி வைத்து எழுதியிருக்கிறது. ஆரம்பப் பள்ளிக்கு 1.253 பிரின்சிபல், 0.663 நூலகர். உங்கள் பள்ளியில் எத்தனை தலைகளோ அதற்கேற்பப் பெருக்கிப் பணமாக்கி டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்புவார்கள். மாநிலத்தில் 295 டிஸ்ட்ரிக்ட், ஏறக்குறைய 11 லட்சம் பிள்ளைகள். எல்லோருக்கும் இதே சூத்திரம்தான்.

உங்கள் மகள் அடுத்த வருடம் நாலாம் வகுப்பு அல்லவா? சூத்திரத்தில் மூன்றாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 17 பிள்ளைகள். நாலிலிருந்து ஆறு வரை 27. எனவே வகுப்பு பெரிதாவதில் ஒரு பகுதி வெட்டே இல்லை, வகுப்பு ஏறியதன் கணக்கு. இதை ஏன் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லக்கூடாது என்று எனக்கும் புரிவதில்லை.

இதே சூத்திரத்தில் ஆரம்பப் பள்ளிக்கு எத்தனை நர்ஸ் என்று 2021 வரை எழுதியிருந்தது தெரியுமா? 0.076. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், மூன்று மணி நேரம் வரும். 400 குழந்தைகளுக்கு வாரத்தில் மூன்று மணி நேர நர்ஸ். அதற்கு மேல் நர்ஸ் இருந்த பள்ளிகளில் டிஸ்ட்ரிக்ட் தன் உள்ளூர் வரிப்பணத்திலிருந்து போட்டுக்கொண்டது. என் மகனுக்கு ஆஸ்துமா. அவன் படித்த பள்ளியில் நர்ஸ் வராத நாட்களில் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தது ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்ரட்டரி அம்மாதான். ஒரு கையில் போன், மறுகையில் இன்ஹேலர். நல்ல மனுஷி, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது அவர் வேலை இல்லை.

இந்த எண்ணை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

"வரி எங்கே போகிறது" என்ற கேள்விக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1889-ல் எழுதிய இந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்தில் ஒன்பதாம் பிரிவு, எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் தாராளமாக வழி செய்வது மாநிலத்தின் தலையாய கடமை என்கிறது. இனம், நிறம், சாதி, பால் என்ற பேதமில்லாமல். ஆமாம், சாதிதான்: ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்றே போட்டிருக்கிறது. முதல் தடவை வாசித்தபோது கண்ணைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

தலையாய கடமை என்று எழுதிவைத்தால் போதுமா? 2007 ஜனவரியில் ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள சிமக்கம் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஸ்டெபனி மெக்லியரி குடும்பமும், ஸ்னோஹோமிஷ் கவுண்டியைச் சேர்ந்த இன்னொரு குடும்பமும், டிஸ்ட்ரிக்டுகளும் சங்கங்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பும் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தன. மாநிலம் தர வேண்டியதைத் தரவில்லை, மீதியை உள்ளூர் வரியில் ஒப்பேற்றச் சொல்கிறது என்பது புகார். 2010-ல் சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் நீதிமன்றத்தில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு. 2012 ஜனவரி 5-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதோடு விடவில்லை: வழக்கை முடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, 2018-க்குள் சரிசெய், ஆண்டுதோறும் வந்து கணக்குச் சொல் என்றது.

சட்டமன்றம் அசையவில்லை என்று சொல்லமாட்டேன். நத்தை மாதிரி அசைந்தது. 2014 செப்டம்பரில் சட்டமன்றமே நீதிமன்ற அவமதிப்பு செய்ததாக அறிவிப்பு. 2015 ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். மாநிலத்தின் பணத்தை மாநிலமே தனியாக எடுத்துவைப்பதுதான் அந்த அபராதம், ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு பைக்கு. ஆனாலும் நாள்தோறும் ஏறும் அந்த எண் பத்திரிகைக்குத் தீனி, தேர்தலுக்கு ஆயுதம். கடைசியில் 10.5 கோடி டாலரில் நின்றது. 2018 ஜூன் 7-ல் வழக்கை முடித்துவைத்தார்கள். வழக்குப் போட்டபோது ஆரம்பப் பள்ளியில் இருந்த மெக்லியரி மகன் அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டான்.

2015 இலையுதிர்காலத்தில் சியாட்டில் பெற்றோர் சிலர் சேர்ந்து 'வாஷிங்டன்ஸ் பாரமவுண்ட் டியூட்டி' என்று ஓர் அமைப்பைத் தொடங்கியதையும் சொல்ல வேண்டும். சாசனத்தில் உள்ள அந்தத் 'தலையாய கடமை'யையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சங்கமும் இல்லை, டிஸ்ட்ரிக்டும் இல்லை, வெறும் பெற்றோர். தொடங்கியவர்களில் ஒருவர் 2017-ல் சியாட்டில் பள்ளி வாரியத்துக்கே தேர்வானார். நீதிமன்றம் மேலிருந்து அழுத்தியபோது கீழிருந்து சத்தம் போட ஆள் இருந்தது, அது சின்ன விஷயமில்லை.

2017 ஜூன் கடைசியில் வந்த தீர்வுதான் உங்கள் வரிச்சீட்டில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. மாநிலத்தின் பள்ளி சொத்து வரியை வீட்டு மதிப்பில் ஆயிரத்துக்கு 2.70 டாலர் என்று உயர்த்தினார்கள். பதிலுக்கு உள்ளூரில் வசூலிக்கும் 'லெவி' என்ற கூடுதல் சொத்து வரிக்குக் கடிவாளம்: ஆயிரத்துக்கு 1.50 டாலர், அல்லது பிள்ளை ஒன்றுக்கு 2,500 டாலர், எது குறைவோ அது. உள்ளூர் கடிவாளம் 2019-ல்தான் வந்தது, மாநில வரி 2018-லேயே ஏறிவிட்டது. ஏறிய மாநில வரியும் குறையாத உள்ளூர் லெவியும் ஒரே வருடத்தில் மேலே விழ, கிங் கவுண்டியில் வீடு வைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2019-ல் ஆயிரத்துக்கு 30 சென்ட் தள்ளுபடி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அந்தக் கடிவாளத்தையும் அதே 2019-ல் தளர்த்திவிட்டார்கள், பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு 1.50 என்பது 2.50 ஆனது.

லெவி நியாயமா என்று கேட்டால் என் பதில், அவ்வளவாக இல்லை. வீட்டு விலை வானத்தில் இருக்கும் பெல்வியூ போன்ற ஊரில் கொஞ்சம் விகிதம் போட்டாலே தலைக்கணக்கு உச்சவரம்பை எட்டிவிடும். ஆப்பிள் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த யாக்கிமா பக்கம் முழு விகிதம் போட்டாலும் எட்டாது. மாநிலம் ஈடுகட்டக் கொஞ்சம் தருகிறது, போதாது. இந்த இடைவெளியை மேலும் அகலமாக்குவது நம்மைப் போன்ற புறநகர்ப் பெற்றோர்தான்: பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) ஏலம் நடத்தி, நம் நன்கொடைக்கு இணையாகக் கம்பெனி தரும் மேட்சிங் பணத்தையும் வாங்கி, ஒரு ஆசிரியர் சம்பளத்தையே கட்டிவிடுகிறோம். அந்தப் பள்ளி பிழைத்துக்கொள்ளும். சட்டப் புத்தகத்தில் எண் அப்படியே இருக்கும்.

லெவிக்கு வாக்கெடுப்பு உண்டு. 2007 வரை 60 சதம் வேண்டும், இப்போது பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். கட்டடத்துக்குக் கடன் திரட்டும் பாண்டுக்கு இன்றும் 60 சதம். பள்ளி வளாகத்தை, ஊழியர் நேரத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பிரின்சிபல் வேலை நேரத்தில் 'ஆதரித்து வாக்களியுங்கள்' என்று சொல்லமாட்டார், தகவல் மட்டும் தருவார். வீடு வீடாகப் போய்க் கேட்பது பெற்றோர் கையில்.

பள்ளியில் வெட்டு விழ இன்னொரு காரணமும் உண்டு. பணம் தலையைத் தொடர்ந்து போகிறது. தலை குறைந்தால் பணமும் குறையும். 2024-ல் சியாட்டிலில் 20 ஆரம்பப் பள்ளிகள் வரை மூடுவதாகப் பேச்சு எழுந்து, பெற்றோர் திரண்டதும் அது நாலாகச் சுருங்கி, நவம்பரில் அதையும் கைவிட்டார்கள். பள்ளிகள் தப்பின, பட்ஜெட்டில் ஓட்டை அப்படியே நின்றது.

இப்போது என் கதை. முதல் தடவை 2019 ஏப்ரலில் ஒலிம்பியா போனேன். கையில் மூன்று பக்கப் பேச்சு: கல்வியே எதிர்காலம், குழந்தைகளே செல்வம், இத்யாதி. எங்கள் தொகுதி உறுப்பினரின் உதவியாளர் ஒரு இளம்பெண், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த மசோதா? எந்த எண்ணை மாற்றச் சொல்கிறீர்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "கல்விக்குப் பணம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. டிசம்பரில் வாருங்கள், ஒரு எண்ணோடு வாருங்கள்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். வெளியே செர்ரி மரங்கள் பூத்திருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான் சாதித்தது.

அந்தப் பெண் சொன்னது எவ்வளவு சரி என்று 2022-ல் புரிந்தது. அந்த ஆண்டு 1664 என்ற எண்ணுள்ள மசோதா வந்தது: நர்ஸ், கவுன்சிலர், சமூகப் பணியாளர், உளவியலாளர் எண்களைச் சூத்திரத்திலேயே உயர்த்துவது. மாநில பிடிஏ உட்படப் பலர் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். சட்டமன்றக் குழு மசோதா மீது மக்கள் கருத்தைக் கேட்கும் விசாரணை இணையவழியில் நடந்தது. வீட்டு மேசையில் ஆபீஸ் லேப்டாப்பை ஓரங்கட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பெயர் கூப்பிட்டதும் குழுத் தலைவர், ஒரு நிமிடம்தான் என்றார். நான் சொன்னது மொத்தமும் இது: "என் மகன் பள்ளியில் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள். உங்கள் சூத்திரம் தரும் நர்ஸ் வாரத்துக்கு மூன்று மணி நேரம். அவனுக்கு மூச்சிரைப்பு அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் வரும் என்று யாராவது உறுதி தர முடியுமா? 0.076-ஐ மாற்றுங்கள்." நேரம் மிச்சமே இருந்தது.

மசோதா நிறைவேறியது. நான் பேசியதால் இல்லை. என்னைப் போல, என்னைவிட நன்றாகப் பேசியவர்கள் நிறைய. 0.076 என்பது மூன்று ஆண்டில் படிப்படியாக 0.585 ஆனது. ஆரம்பப் பள்ளி கவுன்சிலர் 0.493-லிருந்து 0.993. அந்த ஆட்களை உண்மையாக வேலைக்கு வைத்திருந்தால்தான் பணம் என்று நிபந்தனையும் போட்டார்கள், டிஸ்ட்ரிக்ட் வேறு செலவுக்குத் திருப்ப முடியாது.

சிறப்புக் கல்வியிலும் இதே கதைதான். அதற்கான கூடுதல் பணத்தை மொத்த மாணவரில் 13.5 சதம் பேருக்கு மேல் தரமாட்டேன் என்று சூத்திரத்தில் ஒரு உச்சவரம்பு இருந்தது. உங்கள் டிஸ்ட்ரிக்டில் 17 சதம் பிள்ளைகளுக்குத் தேவை இருந்தால் மீதிப் பேருக்கு லெவியில் பார்த்துக்கொள். அந்தப் பிள்ளைகளுக்குச் சேவை தராமல் இருக்கவும் முடியாது, மத்தியச் சட்டம் விடாது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு போனார்கள். 2023-ல் 15 ஆயிற்று, 2024-ல் 16, 2025-ல் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். மெக்லியரி வழக்கைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது, பத்திரிகைகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாவிட்டாலும்.

எல்லாமும் ஜெயிக்காது. கொலம்பியா நதிக்கரையில் வாக்கியாக்கம் என்று ஐநூறு பிள்ளைகள்கூட இல்லாத ஒரு டிஸ்ட்ரிக்ட், பாண்டு வாக்கெடுப்பில் ஜெயிக்க முடியாத ஏழை ஊருக்குக் கட்டடமும் மாநிலத்தின் தலையாய கடமைதானே என்று கேட்டு வழக்குப் போட்டது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

வருமானம் எங்கிருந்து என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் குடிவந்தபோது இங்கே சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்று மகிழ்ந்திருப்பீர்கள், அதற்கு மறுபக்கம்தான் விற்பனை வரியும் சொத்து வரியும். 2021-ல் பெரிய மூலதன ஆதாயத்துக்கு 7 சதம் வரி கொண்டுவந்தார்கள், அதில் ஆண்டுக்கு முதல் 50 கோடி டாலர் கல்வி நிதிக்கு. 2024 நவம்பரில் அதை ரத்துசெய்யக் கேட்ட வாக்கெடுப்பு படுதோல்வி.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். டிசம்பரில் ஆளுநர் பட்ஜெட் வரும். ஜனவரி இரண்டாவது திங்கள் சட்டமன்றம் கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள்தான். கொள்கைக் குழுவைத் தாண்டிய மசோதா, பணம் சம்பந்தப்பட்டதென்றால் கீழவையில் அப்ரோப்ரியேஷன்ஸ், செனட்டில் வேஸ் அண்ட் மீன்ஸ் என்ற நிதிக் குழுவுக்குப் போகும். நிறைய மசோதா மூச்சுவிடாமல் சாகும் இடம் அதுதான். 105 நாள் கூட்டமென்றால் மார்ச் வருமான மதிப்பீடு வந்த கையோடு இரு அவைகளும் பட்ஜெட்டை வெளியிடும். அதற்குப் பிறகு எண்கள் கொஞ்சமே நகரும். எனவே நீங்கள் பேசும் காலம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி. உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு கீழவை உறுப்பினர். மூவரில் யாராவது அந்த இரண்டு குழுவில் இருந்தால் அவரைப் பிடியுங்கள். மின்னஞ்சலில் வீட்டு முகவரி எழுதுங்கள், தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் உதவியாளர் மேலே எடுத்து வைப்பார். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒட்டி அனுப்பாதீர்கள். ஒரு குழந்தை, ஒரு எண், ஒரு கோரிக்கை. நேரமே இல்லையென்றால் சட்டமன்ற இணையதளத்தில் விசாரணை தொடங்க ஒரு மணி நேரம் முன்வரை 'ஆதரவு' என்று பதிந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

ஹெச்1பி பற்றி: வாக்கு கிடையாது, மற்றது எல்லாம் உண்டு. குழு முன் பேசலாம், எழுதலாம், உறுப்பினரைச் சந்திக்கலாம், யாரும் விசா கேட்பதில்லை. வாடகை வீடா? வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகையில்தான் இருக்கிறது, கூச்சப்படாதீர்கள். ஒன்றில் மட்டும் கவனம்: பச்சை அட்டை இல்லாதவர் தேர்தல் பிரசாரத்துக்கு, லெவி பிரசாரம் உட்பட, பணம் தரக்கூடாது.

கடைசியாக உங்கள் இசை ஆசிரியர். பிரின்சிபல் சொன்னது பாதிதான் சரி. சூத்திரத்தில் இசைக்கென்று தனி வரி இல்லை. மொத்த ஆசிரியர் பணம் வரும், அதில் யாரை வைப்பது என்று முடிவு செய்வது உங்கள் ஊர்ப் பள்ளி வாரியம். அவர்களும் தேர்தலில் வந்தவர்கள்தான், கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, அடுத்த பட்ஜெட்டைக் கோடை முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். எனவே இசைக்காக இந்த மாதமே வாரியக் கூட்டத்துக்குப் போங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு. ஒலிம்பியாவுக்கு எடுத்துப்போகும் கோரிக்கைப் பட்டியலை மாநில பிடிஏ வாக்கெடுத்து முடிவு செய்யும். உங்கள் பள்ளி பிடிஏ பிரதிநிதி யார் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்த இடம் உங்களுக்குத்தான்.